சோதனைக்குழாய் யார் கையில்?

1978-இல் தமிழ்நாட்டுக்கு பிளஸ் டூ வந்தது. அதுவரை பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்றுதான் படிப்பு. அந்த ஏற்பாடு மாறியபோது பியூரெட், பிப்பெட் எல்லாம் கல்லூரி காம்பவுண்டைத் தாண்டி ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து இறங்கின. திருத்தணிப் பக்கத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த கதையை எழுதச் சொன்னால் நான் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவேன். அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பிள்ளை தன் கையால் ஒரு டைட்ரேஷன் செய்து பார்க்க வேண்டுமானால் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வேதியியல் என்பது கரும்பலகையில் இருப்பது. மிஞ்சினால் வாத்தியார் மேசைமேல் இருப்பது.

எண்பதுகளின் நடுவில் நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராகச் சேர்ந்தபோது ஆய்வகம் என்று காட்டப்பட்டது ஒரு பழைய வகுப்பறை. பெஞ்சுகளை எடுத்துவிட்டு சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். மூலையில் தண்ணீர் டிரம். எரிவாயு கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். கண்ணாடிச் சாமான்கள் அம்பாலாவிலிருந்து வைக்கோல் திணித்த பெட்டிகளில் வரும். வந்ததும் எது உடைந்திருக்கிறது என்று எண்ணுவதுதான் முதல் வேலை. ஆய்வக உதவியாளர் வயதில் என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது லேபிளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாதி லேபிள்களை அமில ஆவி தின்றிருந்தது.

இப்படிக் கிடைத்த ஆய்வகத்தைப் பிள்ளைகள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? தேர்வுக்கு. பொதுத்தேர்வில் வேதியியலுக்கு 200 மதிப்பெண், அதில் 50 செய்முறைக்கு. ஒரு சால்ட், ஒரு டைட்ரேஷன், ஒரு கரிமச் சேர்மம். ரெக்கார்ட் நோட்டில் மூன்று பத்தி: சோதனை, காண்பன, அறிவன. முறைப்படி முதலில் சோதிக்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும், பிறகு அறிந்ததை எழுத வேண்டும். நடந்தது தலைகீழ். பையன் முதலில் அறிவான். கையில் எடுத்தால் கனக்கிறதா, லெட். நீலமா, காப்பர். இரண்டு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு மூக்கைக் கொண்டுபோனால் சுரீர் என்கிறதா, அம்மோனியம். சாம்பல் சோதனையில் தாள் எரிந்து நீலச் சாம்பலானால் அலுமினியம், பச்சையானால் ஜிங்க், இளஞ்சிவப்பானால் மெக்னீசியம் என்று புத்தகம் சொல்லும். அந்தத் தாளை எரிக்காமலே சாம்பலின் நிறத்தை எழுதிவைத்த விடைத்தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். சால்ட் சரியாக இருக்கும், மதிப்பெண் போட்டாக வேண்டும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலையில் குறுக்குவழி தேடுவது புத்திசாலித்தனம்தான். அந்த புத்திசாலித்தனத்தைக் கேட்ட தேர்வு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1824-இல் கீஸன் என்ற சிற்றூரின் பல்கலைக்கழகத்துக்கு யுஸ்டஸ் லீபிக் பேராசிரியராகப் போனார். அவருக்கு முன்பும் பேராசிரியர்கள் செய்து காட்டினார்கள், மாணவர்கள் பார்த்தார்கள். லீபிக் மாணவர்களையே மேசைக்கு இழுத்தார். வரிசையாகப் பொருள்களைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது கண்டுபிடி என்றார். நம் சால்ட் அனாலிசிஸின் பூர்வீகம் அங்கேதான். அதே காலத்தில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் சிறுவர்கள் எதையும் தொடவில்லை. உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு அவர் தொடர் சொற்பொழிவே நடத்தினார். சுடருக்குள் என்ன இருக்கிறது, புகை எங்கே போகிறது, தண்ணீர் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காட்டினார்.

இந்த இரண்டு வழிகளும் இந்தியாவுக்கு வந்தன. செய்து காட்டுவதில் இங்கே பெரிய பெயர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் பிரபுல்ல சந்திர ராய். 1889-இலிருந்து 1916 வரை அங்கே இருந்தார். எலும்பை எரித்து வெள்ளைச் சாம்பலாக்கி, வகுப்பின் முன்னால் அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது இது எலும்பில்லை, கால்சியம் பாஸ்பேட், இதற்கு மாடும் இல்லை, சாதியும் இல்லை என்பது பாடம். பையன்கள் வாழ்நாள் முழுக்க மறந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த இன்னொருவர் பி.பி. டே. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் கரிம வேதியியலைக் கட்டி எழுப்பியவர். குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி அந்தக் கல்லூரியில் படித்துத்தான் மான்செஸ்டர் போனார். டே, சீதாராமன், கோவிந்தாச்சாரி மூவர் பெயரில் வந்த கரிம வேதியியல் ஆய்வகக் கையேடு பல தலைமுறை பி.எஸ்சி. மாணவர்களின் பையில் இருந்தது. எங்கள் காலத்தில் வெங்கடேஸ்வரன், வீராசாமி, குழந்தைவேலு புத்தகம் அந்த இடத்தைப் பிடித்தது. ஆசிரியர்கள் மூவரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வோம், யாரோ ஒரே ஆள் மாதிரி.

ஆக, கல்லூரியில் லீபிக் வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் யார் வந்தார்கள்?

இங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். 1888 செப்டம்பர் 5-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் தொடக்கப் படிப்பு, பிறகு திருப்பதி, வேலூர், சென்னை. தத்துவத்தை அவர் எடுத்ததற்கே காரணம் உறவுக்காரர் ஒருவர் தன் பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்ததுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த உறவினர் வேதியியல் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வோர் ஆசிரியர் தினத்தன்றும் எனக்குத் தோன்றும். போகட்டும். 1909-இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அவர் அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்காக சைதாப்பேட்டைக்குப் போனார். அந்தப் பயிற்சிக் கல்லூரி 1856-இல் தொடங்கியது. மெட்ராஸ் ராஜதானியின் பள்ளி ஆசிரியர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுத்த முதன்மையான இடம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலாளர் ஒரு சண்டையே போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாதே, அவர்களைக் கண்டுபிடிப்பவர்களின் இடத்தில் நிறுத்து என்றார். அதற்கு ஹியூரிஸ்டிக் முறை என்று பெயர். அந்தப் பெயர் கடல் தாண்டி நம் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வந்து, இன்றுவரை பி.எட். பாடத்திட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. நானும் படித்தேன். விரிவுரையாளர் குறிப்பு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, நிறைகள், குறைகள் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் அப்படியே எழுதினேன். எதையும் முன்கூட்டிச் சொல்லாதே என்பதையே முன்கூட்டிச் சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் அமிலமும் காரமும் என்றால் வகுப்பில் கேள்வி கேட்க யார் வாய் திறப்பார்கள்? இதை முதலில் உடைத்தவர்கள் ஈழத்தில் இருந்தார்கள். மாசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியில் 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் அச்சானது. இங்கே 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ராஜாஜி பின்னால் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். வக்கீல் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வேதியியல் சொல்கிறார் என்றால், வாத்தியார்களாகிய நாங்கள் கொஞ்சம் கூச்சப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1911-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதற்குள் போயிற்று. 1953-இல் ஆந்திரா தனி மாநிலமானபோதும் அங்கேயே நின்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மங்கலங்கிழார் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறாது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தெலுங்கு. நகரி பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. தமிழ்ப் பாடநூலைத் தமிழிலேயே படிப்பார்கள், ஆனால் நிஜமாக ஆச்சரியப்பட்டால் வாயிலிருந்து தெலுங்குதான் வரும். பினாப்தலீன் விட்ட குடுவையில் ஒரு துளி கூடிப்போய் இளஞ்சிவப்பு பொங்கிவிட்டால், "ரங்கு மாரிபோயிந்தி சார்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும்பும். அந்தக் குரல் எழும்பாத வகுப்பு எனக்குச் சந்தேகம்.

அப்படி ஒரு குரலை வரவழைக்க எனக்குக் கிடைத்த சிறந்த பாடம் பாடநூலில் இல்லை. திருத்தணியைச் சுற்றிப் பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை எல்லாம் தறி ஊர்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு காஸ்டிக் என்றால் தெரியும், பிளீச்சிங் தெரியும், ஹைட்ராஸ் தெரியும். சோடியம் டைதயோனைட் என்று எழுதிப்போட்டால் மட்டும்தான் தெரியாது.

ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் நடத்தும் வாரத்தில் நான் ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் காஸ்டிக், ஒரு கரண்டி ஹைட்ராஸ், துளி நீலச் சாயப்பொடி போட்டுக் கலக்குவேன். கருநீலம் மெல்ல மெல்ல மஞ்சள்பச்சையாக மாறும். அதில் வெள்ளை நூல் சிட்டத்தை முக்கிவிட்டு, எடுத்தால் என்ன நிறத்தில் வரும் என்று கேட்பேன். பெரும்பாலோர் பச்சை என்பார்கள். பின்பெஞ்சில் ஒரு பையன், அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், சிரித்துக்கொண்டே, "எடுக்கும்போது பச்சை சார், எடுத்தப்புறம் நீலம்" என்றான். எடுத்தோம். கண்ணெதிரே நீலமாயிற்று. ஏன் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, அவன் அப்பாவும் சொன்னதில்லை.

காய்ந்ததால் என்றாள் ஒருத்தி. நூலிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, எனவே அது இல்லை. வெளிச்சம் பட்டதால் என்றான் இன்னொருவன். அடுத்த சிட்டத்தை எடுத்த கையோடு ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினோம். திறந்து பார்த்தால் அதுவும் நீலம். அப்போது முன்வரிசையில் அதுவரை பேசாமலிருந்த பெண் எழுந்து, "சார், டம்ளர்ல மேலாக மட்டும் நீலமா ஒரு ஆடை இருக்கு, கீழே இல்லை" என்றாள். எட்டிப் பார்த்தோம். உண்மைதான். காற்று தொடும் இடத்தில் மட்டும் நீலம். அதற்குப்பின் ஆக்சிஜன் என்ற பெயரை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோதனைக்குழாய் அன்று முழுக்க என் கையில்தான் இருந்தது, ஆனாலும் வேலை செய்தது அவர்கள்தான். பார்ப்பதற்கு முன்னால் வாய்விட்டு ஒரு பதில் சொல்ல வைத்தால், அதன்பின் பிள்ளை பார்க்கிற பார்வையே வேறு. சொன்னது பொய்யாகிப்போனால் இன்னும் கூர்மையாகப் பார்க்கும். நூறு சால்ட் செய்தும் வராதது அது.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது கே. வெங்கட்ராமன் பெயரையும் சொல்லிவிடுவேன். 1901-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, செயற்கைச் சாயங்களின் வேதியியலுக்கு உலகமே புரட்டிப் பார்க்கிற பெரிய நூல் வரிசையைத் தொகுத்தவர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். பொதட்டூர்பேட்டைப் பையனுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே செய்து காட்டும் கலையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அறிவியல் இயக்கத்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது, 1987-இல் அதன் சிறுவர் அறிவியல் இதழ் 'துளிர்' வந்தது. தெருமுனையில் மந்திரமா தந்திரமா என்று நிகழ்ச்சி நடத்துவார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் ஊற்றினால் தீக்குச்சி இல்லாமல் பற்றிக்கொள்ளும். மஞ்சளில் சுண்ணாம்பு நீர் பட்டால் ரத்தம். அந்தக் காலத்து அலுமினியக் காசில் மெர்குரிக் குளோரைடைத் தடவிக் கையில் கொடுத்தால், காசு சூடாகி வெள்ளைச் சாம்பல் பூத்துக் கொட்டும். பாதரசம் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு போர்வையை விலக்கிவிடுகிறது, காற்று அடிவரை தின்கிறது. யாழ்ப்பாணம் சென்ட்ரல் கல்லூரியில் வாத்தியாராக இருந்த ஆபிரகாம் கோவூரும், கோவை போத்தனூர் பிரேமானந்தும் இந்த வகை வித்தைகளை அம்பலப்படுத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். மெர்குரிக் குளோரைடு கொடிய விஷம், நான் வகுப்பில் அதைத் தொட்டதே இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் எனக்குப் போதும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற ஊரில் ஆரத்தித் தட்டின் சிவப்பு யாருக்கும் புதிதில்லை. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மறுபடி மஞ்சளாகும் என்பதுதான் புதிது. யார் நம்பிக்கையையும் தொட வேண்டியதில்லை.

அரசாங்கமும் விழித்துக்கொண்டது, கீழ்வகுப்பிலிருந்து. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலி பள்ளியார் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்துத் தாமே கற்கும் முறை ஒன்றை வளர்த்திருந்தார்கள். அதைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஒரே சித்தூர் ஜில்லாவில் இருந்த காலத்தில் எங்களுக்குக் கிடைக்காதது, பிரிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரத்தில் சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. நடுநிலை வகுப்புகளுக்கு படைப்பாற்றல் கல்வி வந்தது, ஏ.எல்.எம். என்பார்கள். படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் பேசுதல், தொகுத்தல், வழங்குதல் என்று படிகள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாய் திறந்து பேசினார்களே, அது பெரிய காரியம். நான் குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஹைட்ரஜனைப் பற்றி அழகழகான மனவரைபடங்கள் சுவரில் தொங்கின. துண்டு ஜிங்கும் துளி அமிலமும் போட்டு ஒரு ஹைட்ரஜன் குமிழியைப் பார்த்த பிள்ளை அந்த வகுப்பில் இல்லை.

இப்போது செய்முறை மதிப்பெண் குறைந்திருக்கிறது. 100-க்கு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, போனைக் காட்டினால் திரையில் டைட்ரேஷன் ஓடும். திரையில் ஒரு துளி கூடிப்போவதே இல்லை. மதிப்பெண் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. தேர்வு பிடி விட்டால் ஆய்வகத்தில் வேறு வேலைக்கு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.

என்னிடம் படித்து இப்போது பள்ளிப்பட்டுப் பக்கத்தில் டீச்சராக இருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். "சார், அந்த நீலச் சாயம் நான் என் கிளாஸ்ல செய்யலாமா?" தாராளமாகச் செய்யம்மா என்றேன். ஹைட்ராஸ் டப்பாவில் ஈரம் படவிடாதே, தானாகச் சூடாகும். ஜன்னலைத் திறந்து வை, மூக்கைத் துளைக்கும். காஸ்டிக்கை நீயே எடு, பிள்ளைகள் கையில் கொடுக்காதே, கண்ணாடி போட்டுக்கொள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்க வேண்டாம். டம்ளரை வகுப்பு நடுவில் வை, மேசைமேல் இல்லை. நூலை முக்கியபின் எல்லாரும் ஒரு நிறம் சொல்லட்டும், சொன்னதை நோட்டில் எழுதட்டும். கடைசிப் பெஞ்சும் எழுதி முடிக்கிறவரை நூலை வெளியே எடுக்காதே.